பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மினுங்குகிறதா? ஒயரிங்கை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். என்னிடம் 1965-ஆம் வருட மோரிஸ் மைனர் இருக்கிறது. அப்பா ஓட்டிய வண்டி. போன வருடம் மட்கார்டு, கதவு எல்லாம் கழற்றி முழுதாகப் பெயின்ட் அடித்தோம். கொஞ்ச நாளாக விளக்குகள் பாடாய்ப் படுத்துகின்றன. ஹெட்லைட் இரண்டும் மஞ்சளாக மங்கி எரிகின்றன. வலது பக்கம் இன்னும் மோசம். பள்ளத்தில் இறங்கி ஏறினால் இரண்டும் ஒரு நொடி அணைந்து மறுபடி வருகின்றன. இரவில் டெயில் லைட் எரியும்போது பிரேக்கை மிதித்தால், இடது பின்விளக்கு பிரகாசமாவதற்குப் பதில் மங்கிப்போகிறது. பகலில் பிரேக்கை மிதித்தால் முன்பக்கத்து இடது இண்டிகேட்டர் லேசாக மினுங்குகிறது. இடது இண்டிகேட்டர் இழுத்து இழுத்து அடிக்கிறது. வலது ஒழுங்காக இருக்கிறது. பல்புகள், ஃபிளாஷர், பேட்டரி எல்லாம் புதிதாக மாற்றியாயிற்று. "ஒயரிங் முழுக்க மாற்றினால்தான் தீரும்" என்கிறார் எலக்ட்ரீஷியன். மாற்றிவிடலாமா? எல்.இ.டி. பல்பு போட்டால் சரியாகிவிடுமா?

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

ஒயரிங்கை மாற்ற வேண்டாம், இப்போதைக்கு. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். ஐந்து குறை எழுதியிருக்கிறீர்கள். என் கணக்கில் அவை இரண்டே இரண்டு குறைகள். ஒன்று வண்டியின் பின்னால் இடது மூலையில் இருக்கிறது. இன்னொன்று ஹெட்லைட்டுக்குப் போகும் வழியில் எங்கோ இருக்கிறது. இரண்டையும் கண்டுபிடிக்க ஒரு சாதாரண மல்டிமீட்டரும், நாலைந்து மீட்டர் ஒயரும், ஒரு விடுமுறை நாள் காலையும் போதும்.

பெயின்ட் அடித்ததை நீங்கள் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. இந்த வண்டியில் மட்கார்டுகள் பாடியோடு வெல்டிங் செய்யப்பட்டவை அல்ல. போல்ட் போட்டு முடுக்கப்பட்டவை. பின் மட்கார்டுக்கும் பாடிக்கும் நடுவே பைப்பிங் என்ற பிளாஸ்டிக் பட்டை ஒன்றும் ஓடுகிறது. பின்விளக்கு அந்த மட்கார்டில் உட்கார்ந்திருக்கிறது. விளக்குக்குள் போன மின்சாரம் திரும்பி வர வேண்டிய பாதையைத்தான் எர்த் என்கிறோம். அதைப் பாருங்கள்: பல்பின் பித்தளை உடம்பு, ஹோல்டர், விளக்கின் அடித்தகடு, அதைப் பிடித்திருக்கும் ஸ்குரூ, மட்கார்டு, மட்கார்டு போல்ட், பாடி, பேட்டரி. இத்தனை கை மாறி வருகிறது. எல்லாவற்றையும் கழற்றி, உள்ளும் புறமும் அழகாகப் பெயின்ட் அடித்து, புதுப் பைப்பிங் வைத்து மறுபடி முடுக்கினால், உலோகம் உலோகத்தைத் தொடும் இடமே பல சமயம் இல்லாமல் போய்விடும். பெயின்ட் நல்ல இன்சுலேட்டர். வேலை எவ்வளவு சுத்தமாக நடந்ததோ அவ்வளவுக்கு எர்த் கெட்டிருக்கும். முதலில் போல்ட் மரையில் எங்கோ ஓரிடத்தில் தொட்டுக்கொண்டு ஓடியிருக்கும். ஈரம் பட்டு அந்த இடமும் துருப்பிடித்த பிறகு தொந்தரவு ஆரம்பித்திருக்கும்.

பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் ஏன் மினுங்க வேண்டும் என்று கேட்பீர்கள். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் பழைய வண்டி விளக்குகளில் வரும் பாதிக் குழப்பம் உங்களுக்குக் குழப்பமாகவே தெரியாது.

உங்கள் இடது பின்விளக்குக் கூட்டுக்குள் மூன்று இழைகள், அதாவது பல்புக்குள் எரியும் கம்பிகள், இருக்கின்றன. பிரேக்குக்கு 21 வாட், டெயிலுக்கு 5 வாட், இண்டிகேட்டருக்கு 21 வாட். மூன்றுக்கும் தனித்தனி ஒயர் வருகிறது. ஆனால் திரும்பிப் போக ஒரே வாசல், அந்த அடித்தகடு. தகட்டின் எர்த் போய்விட்டால் வாசல் மூடிக்கொள்கிறது. இப்போது பிரேக்கை மிதிக்கிறீர்கள். பிரேக் இழை வழியாக மின்சாரம் தகடு வரை வந்துவிட்டது, வெளியேற வழியில்லை. அது சும்மா நிற்காது. பக்கத்தில் இருக்கும் இண்டிகேட்டர் இழைக்குள் பின்புறமாக நுழைந்து, பச்சையில் சிவப்புக் கோடு போட்ட ஒயர் வழியே வண்டியின் முன்பக்கம் வரை ஓடி, முன் இண்டிகேட்டர் பல்பைத் தாண்டி அங்கே நல்ல எர்த்தைக் கண்டுபிடித்துக்கொள்கிறது. மூன்று பல்புகள் வரிசையாக நின்று 12 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் அரைகுறையாகத்தான் சிவக்கும். நீங்கள் பார்த்த மினுங்கல் அதுதான். டெயில் இழை வழியாகவும் இதே போல ஒரு பங்கு சிவப்பு ஒயரில் ஏறிப் பார்க்கிங் விளக்கு, நம்பர் பிளேட் விளக்கு, மீட்டர் விளக்கு வரை போகும். இருட்டான இடத்தில் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, பிரேக்கை மட்டும் மிதித்து டேஷ்போர்டைப் பாருங்கள். மீட்டர் விளக்கு லேசாகத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

இரவில் மங்குவதற்கும் காரணம் இதேதான். டெயில் எரிந்துகொண்டிருக்கும்போது பிரேக்கை மிதித்தால், பிரேக் இழையும் தன் பங்குக்கு அந்தத் தகட்டில் வோல்ட்டை ஏற்றிவிடுகிறது. டெயில் இழையின் ஒரு முனையில் 12 வோல்ட், மறுமுனையில் சுழியத்துக்குப் பதில் ஏழோ எட்டோ இருந்தால் மிச்சத்தில்தான் அது எரிய வேண்டும். மங்காமல் என்ன செய்யும்? இண்டிகேட்டர் இழுத்து இழுத்து அடிப்பதும் அப்படியே. இண்டிகேட்டரை விட்டு விட்டு எரியவைக்கும் பழைய ஃபிளாஷர் சூட்டில் வேலை செய்வது. இரண்டு 21 வாட் பல்புகள் இழுக்கும் மின்சாரம் தன் வழியே போனால்தான் சரியான தாளத்தில் அடிக்கும். பின் பல்பு எர்த் இல்லாமல் குறைவாக இழுத்தால் தாளம் தளர்ந்துவிடும், சில சமயம் நின்றே போகும். புது ஃபிளாஷர் வாங்கியும் மாறாததற்கு அதுவே காரணம். அந்தப் பழைய ஃபிளாஷரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பத்திரமாக வையுங்கள், அது நன்றாகவே இருக்கும்.

சோதிப்பது எளிது. ஒரு நீள ஒயரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் முனையிலேயே கிளிப் போட்டு மாட்டுங்கள். மறுமுனையை இடது பின்விளக்கின் ஹோல்டர் உடம்பில் அழுத்திப் பிடியுங்கள். ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். விளக்கு பளீரென்று வந்து, முன் இண்டிகேட்டர் மினுங்கலும் நின்றுவிட்டால் நோய் தெரிந்துவிட்டது.

நான் இந்தப் பாடத்தைக் கற்றது ஒரு வண்டியில் இரண்டு நாளைத் தொலைத்த பிறகு. வேலைக்குச் சேர்ந்த புதிது. இதே மாதிரி ஒரு பின்விளக்குக் குறை. பிரேக் ஸ்விட்சை மாற்றினேன், இண்டிகேட்டர் ஸ்விட்சைக் கழற்றி மாட்டினேன், பின்னால் போகும் ஒயரை தரைவிரிப்புக்கடியிலிருந்து முழுக்க உருவிப் பார்த்தேன். மூன்றாம் நாள் என் குரு வந்தார். எதுவும் கேட்கவில்லை. பையிலிருந்து ஒரு முழம் ஒயர் எடுத்தார். ஒரு முனையை விளக்கின் ஸ்குரூவிலும் மறுமுனையைப் பெயின்ட் இல்லாத டிக்கிக் கொக்கியிலும் வைத்தார். விளக்கு குதித்தெழுந்த மாதிரி எரிந்தது. ஸ்குரூவைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அதன் தலைக்கடியில் பெயின்ட் ஒரு வளையமாக, உடையாமல் அப்படியே ஒட்டியிருந்தது. இன்றும் எந்தப் பழைய வண்டியில் விளக்குக் குறை என்று வந்தாலும் என் கை முதலில் அந்த ஒயரைத்தான் தேடுகிறது.

நிரந்தரமாகச் சரிசெய்ய, ஸ்குரூவுக்கடியில் சுரண்டிவிட்டால் மட்டும் போதாது. ஒரு மழைக்காலம் தாங்கும், அவ்வளவுதான். விளக்கின் அடித்தகட்டிலிருந்து ஒரு கறுப்பு ஒயரைத் தனியாக எடுங்கள். அதை மட்கார்டோடு நிறுத்தாமல் டிக்கிக்குள் கொண்டுபோய், பாடியிலேயே ஓர் இடத்தில் உலோகம் பளபளக்கத் தேய்த்து, வளைய லக் போட்டு, பல் வைத்த வாஷரோடு முடுக்குங்கள். முடுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டால் துரு ஏறாது. வாசலினை முன்கூட்டியே தடவாமல், உலோகம் உலோகத்தைக் கடித்த பிறகு தடவுங்கள். வலது பக்கம் இன்று நன்றாக இருக்கிறது, ஆனால் அதற்கும் அதே பெயின்ட்தான். கையோடு அதற்கும் ஒரு ஒயர் எடுத்துவிடுங்கள்.

ஹோல்டரையும் பாருங்கள். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருக்கும், தொடுமுனைகளில் பச்சைக் களிம்பு ஏறியிருக்கும். உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் திருகினால் பெரும்பாலும் சரியாகும். பிரேக்-டெயில் பல்பின் இரண்டு பக்க முளைகளும் ஒரே உயரத்தில் இருக்கக் கூடாது. ஒன்று மேலே, ஒன்று கீழே இருக்க வேண்டும். ஒரே உயரத்தில் இருக்கும் தவறான பல்பைத் தலைகீழாகவும் மாட்ட முடிகிறது. அப்போது டெயில் இருக்க வேண்டிய இடத்தில் பிரேக் வெளிச்சம் எரியும்.

இனி ஹெட்லைட்.

அளக்கும் முறை சரியாக இல்லாவிட்டால் இங்கே ஏமாந்துபோவீர்கள். பலர் மல்டிமீட்டரை 'பீப்' அடிக்கும் இடத்தில் வைத்து ஒயரின் இரு முனைகளையும் தொட்டுப் பார்க்கிறார்கள். பீப் வந்தால் ஒயர் நல்லது என்று முடிவு கட்டுகிறார்கள். மீட்டர் அந்தச் சோதனைக்கு அனுப்புவது மிக மிகச் சிறிய மின்சாரம். இருபது முப்பது மெல்லிய செம்பு இழைகள் இருக்க வேண்டிய ஒயரில் ஒரே ஓர் இழை மிச்சமிருந்தாலும் பீப் வரும். அந்த ஓரிழை வழியே ஹெட்லைட் எரியாது. பல்பைக் கழற்றிவிட்டு அதன் சாக்கெட்டில் வோல்ட் பார்ப்பதும் இதே தவறு. மின்சாரம் ஓடாதபோது எந்தக் கெட்ட இணைப்பும் முழு 12 வோல்ட்டைக் காட்டும். ஆகவே விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போது மட்டுமே அளங்கள். எரியும்போது எங்கே வோல்ட் விழுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு சொல்கிறேன். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டோடு சரிசமமாகக் குறையாது. அதைவிட வெகு வேகமாகக் குறையும். 12 வோல்ட்டில் எரிய வேண்டியது 10 வோல்ட்டில் எரிந்தால் கிட்டத்தட்டப் பாதி வெளிச்சம் போய்விடுகிறது. இரண்டு வோல்ட் என்பது கேட்கச் சின்ன எண்தான். ஆனால் மூன்று நான்கு அழுக்கு இணைப்புகள் சேர்ந்து அதைச் சுலபமாகத் தின்றுவிடும். உங்கள் ஹெட்லைட் மஞ்சளாக எரிவது இதனால்தான். பல்பைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

மீட்டரை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். உங்கள் வண்டியில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடிக்கு எர்த்தாகப் போகும் என்பதால் எண்ணுக்கு முன் மைனஸ் குறி வரலாம். அதைப் பொருட்படுத்த வேண்டாம், எண் மட்டும் போதும். முதலில் எர்த் பக்கம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் எர்த் முனையில் வையுங்கள். கிளாம்பில் வைக்காமல் ஈய முனையிலேயே வையுங்கள். கிளாம்புக்கும் முனைக்கும் நடுவிலேயே குறை இருக்கலாம். மறுமுள் ஹெட்லைட் பல்பின் எர்த் முனையில். 0.1, 0.2 வோல்ட் என்றால் நல்லது. 0.5-க்கு மேல் போனால் எர்த் கெட்டிருக்கிறது. வலது பக்கம் இன்னும் மோசம் என்கிறீர்களே, அந்தக் கூடுதல் மங்கல் இங்கே வெளிப்படும் என்று நினைக்கிறேன். முன்பக்கத்துக் கறுப்பு ஒயர்கள் ஒரு ஸ்குரூவில் சேர்ந்து தகட்டில் முடுக்கப்பட்டிருக்கும். அந்தத் தகட்டுக்கும் பெயின்ட் விழுந்திருக்கும்.

பிறகு மின்சாரம் வரும் பக்கம். இப்போது ஒரு முள்ளைப் பேட்டரியின் மற்ற முனையில் நீள ஒயரோடு நிரந்தரமாக மாட்டிவிடுங்கள். மறுமுள்ளை வரிசையாக நகர்த்துங்கள்: ஸ்டார்ட்டர் சொலினாய்டு முனை, ரெகுலேட்டர் பெட்டியின் ஸ்குரூ முனை, லைட் ஸ்விட்சுக்குள் நுழையும் ஒயர், ஸ்விட்சிலிருந்து வெளியே வரும் நீல ஒயர், காலடியில் இருக்கும், டிம்-பிரைட் மாற்றும் டிப்பர் ஸ்விட்சின் உள்முனை, அதன் வெளிமுனை, முன்னால் ஒயர்களைச் செருகி இணைக்கும் புல்லட் கனெக்டரின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கடைசியில் பல்பு. டிம்முக்குப் போகும் ஒயர் நீலத்தில் சிவப்புக் கோடு, பிரைட்டுக்கு நீலத்தில் வெள்ளைக் கோடு. ஒவ்வோர் இடத்திலும் வரும் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டே போங்கள். 0.05, 0.1, 0.2 என்று மெல்ல ஏற வேண்டும். அதுவரை 0.3 இருந்தது அடுத்த இடத்தில் திடீரென 1.4 என்று குதித்தால், குதித்த அந்த ஓர் அடிக்குள்தான் ஆள் ஒளிந்திருக்கிறான்.

என் ஊகத்தையும் சொல்லிவிடுகிறேன்: டிப்பர் ஸ்விட்ச். இரண்டு ஹெட்லைட்டும் ஒன்றாக அணைந்து ஒன்றாக வருகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் குறை இருக்க வேண்டும். பக்கவாட்டில் தனித்தனியாகப் பிரிந்த பிறகு உள்ள இணைப்பு இரண்டையும் சேர்த்து அணைக்காது. பொதுவான இடம் என்று பார்த்தால் லைட் ஸ்விட்ச், டிப்பர், அவற்றுக்கு முன்னால் உள்ள முனைகள். இதில் டிப்பர் தரையில், காலணியின் ஈரமும் மண்ணும் சேரும் இடத்தில் அறுபது வருடமாக மிதிபட்டுக்கொண்டிருக்கிறது. வண்டி நிற்கும்போதே ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு டிப்பரின் உடம்பை விரலால் பக்கவாட்டில் தட்டிப் பாருங்கள், ஒயர்களை மெல்ல ஆட்டிப் பாருங்கள். விளக்கு சிமிட்டினால் அளக்கவே தேவையில்லை. சிமிட்டாவிட்டால் லைட் ஸ்விட்சிலும் அதையே செய்யுங்கள்.

மீட்டர் இல்லாமலே ஒரு வழியும் உண்டு. பத்து நிமிடம் ஹெட்லைட் எரியட்டும். பிறகு ஒவ்வோர் இணைப்பையும் விரல் நுனியால் மெல்லத் தொட்டுக்கொண்டே வாருங்கள். இரண்டு 45 வாட் பல்புகள் சேர்ந்து ஏழரை ஆம்பியர் இழுக்கின்றன. ஒரு கனெக்டரில் ஒன்றரை வோல்ட் விழுகிறது என்றால் அங்கே 11 வாட் சூடாக வீணாகிறது. டெயில் பல்பு இழுப்பதைப் போல இரண்டு மடங்கு, விரல் நகம் அளவுப் பித்தளைக்குள். தொட்டவுடன் தெரிந்துவிடும். பிளாஸ்டிக்கோ ரப்பரோ நிறம் மாறி, கருகிய வாசம் வந்தால் சோதனை முடிந்தது.

புல்லட் கனெக்டர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். வெளியே கறுப்பு ரப்பர் உறை நன்றாக இருந்தாலும் உள்ளே பச்சையாகப் பூத்திருக்கும். ஆண்முனையைத் தேய்த்துச் சுத்தம் செய்யலாம். ஆனால் அதைப் பிடிக்கும் உள்குழாய் தளர்ந்துவிட்டால் அமுக்கி இறுக்க முயலாதீர்கள், மாற்றிவிடுங்கள். ஒயரை அறுக்காமல் மேலே கடித்துப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் கனெக்டர்கள் எங்காவது யாராவது போட்டிருந்தால் கழற்றி எறியுங்கள். ஒயரின் இழைகளை அது வெட்டுகிறது, வெட்டிய இடத்தில் ஈரம் ஏறுகிறது. பழைய வண்டிகளில் நான் அதிகம் பழுது பார்த்தது பழைய ஒயரை விட இந்தக் கிளிப்களைத்தான்.

எல்லாம் சுத்தமான பிறகு ஹெட்லைட்டுக்கு இரண்டு ரிலே (சிறிய மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) போடச் சொல்வேன், பிரைட்டுக்கு ஒன்று, டிம்முக்கு ஒன்று. இந்த வண்டியின் முழு ஹெட்லைட் மின்சாரமும் டேஷ்போர்டு ஸ்விட்ச் வரை வந்து, டிப்பருக்கு இறங்கி, மறுபடி முன்னால் போகிறது. ரிலே போட்டால் ஸ்விட்ச் வழியே ரிலேயின் சுருளுக்கு வேண்டிய சொற்ப மின்சாரம் மட்டும் போகும். விளக்குக்கு வேண்டியது பேட்டரியிலிருந்து நேரே, கனமான ஒயரில், ஃபியூஸ் வழியாக வரும். ரிலேயில் 30 என்பது பேட்டரியிலிருந்து வருவது, 87 விளக்குக்குப் போவது, 85-உம் 86-உம் சுருள். டிப்பரிலிருந்து வரும் பழைய ஒயரைச் சுருளின் ஒரு முனைக்கும், மறுமுனையை எர்த்துக்கும் கொடுங்கள். பழைய ஒயர்களில் எதையும் வெட்ட வேண்டியதில்லை. பின்னால் வருபவர் விரும்பினால் பழையபடி மாற்றிக்கொள்ளலாம். ஃபியூஸ் பக்கத்துக்கு ஒன்றாகத் தனித்தனியே இருக்கட்டும். ஒரே ஃபியூஸில் இரண்டையும் மாட்டினால், அது போகும் இரவில் சாலையே கண்ணுக்குத் தெரியாது. ரிலே வாங்கும்போது உள்ளே டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடும் பாகம்) இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். உங்கள் வண்டி பாசிட்டிவ் எர்த் என்பதால் டயோடு உள்ளது தலைகீழாக மாட்டிக்கொண்டால் ஷார்ட் ஆகிவிடும்.

ஃபியூஸ் என்றதும் ஒன்று. இந்த வண்டிகளின் கண்ணாடிக் குழாய் ஃபியூஸில் 35 என்று போட்டிருக்கும். அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்கக்கூடியது 17 ஆம்பியர்தான். இதே அளவில், 35 ஆம்பியரைத் தொடர்ந்து தாங்கும் வேறு வகை ஃபியூஸும் விற்கிறார்கள். அதை மாட்டினால் ஃபியூஸ் உருகும் முன் ஒயர் உருகும். பழைய வகை கிடைக்காவிட்டால் 15 அல்லது 17 ஆம்பியர் தொடர் அளவு உள்ளதைப் போடுங்கள். ஃபியூஸ் எரியாமலே விளக்கு வரவில்லை என்றால், அதை விரலால் பிடித்துச் சுற்றிப் பாருங்கள். பிடிக்கும் தகடுகளில் களிம்பு ஏறி நான் பார்த்த வண்டிகள் ஏராளம்.

ஃபியூஸ் போட்டவுடன் போட்டவுடன் போகிறது என்ற நிலை எப்போதாவது வந்தால், ஒவ்வொன்றாக எரித்துக்கொண்டிருக்காதீர்கள். ஃபியூஸைக் கழற்றி அந்த இடத்தில் ஒரு 21 வாட் பல்பை ஒயரோடு மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும்வரை அந்த பல்பு முழுப் பிரகாசமாக எரியும், வேறெதுவும் கருகாது. அந்த ஃபியூஸில் வரும் கிளைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாருங்கள். எதைக் கழற்றியதும் பல்பு மங்குகிறதோ அதில்தான் ஷார்ட். என் கருவிப் பெட்டியில் விலையுயர்ந்த மீட்டருக்குப் பக்கத்தில் இந்த பல்பும் எப்போதும் இருக்கும்.

உங்கள் வண்டியில் இருப்பது டைனமோ என்பதையும் மறக்கக் கூடாது. இஞ்சின் ஐடிலில் இருக்கும்போது டைனமோ சார்ஜ் கொடுக்காது. விளக்கு மங்கி, ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் தெளிவது அதன் இயல்பு. அதைக் குறை என்று எண்ணி ரெகுலேட்டரைக் கழற்ற வேண்டாம். வேகத்தில் போகும்போது பேட்டரி முனைகளில் 15 வோல்ட்டைத் தாண்டினாலோ, பல்புகள் அடிக்கடி கருகினாலோ மட்டும் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். லூகாஸ் சி40 டைனமோ அதிகபட்சம் 22 ஆம்பியர் தரும். இரண்டு 100 வாட் ஹாலஜன் போட்டால் அவை மட்டுமே 16 ஆம்பியருக்கு மேல் தின்றுவிடும். மழை இரவில் வைப்பரும் இக்னிஷனும் சேர்ந்தால் பேட்டரி கரைந்துகொண்டே வரும். 45 வாட் பல்புக்கு முழு 12 வோல்ட் கிடைத்தாலே நீங்கள் வியக்கும் அளவுக்கு வெளிச்சம் வரும்.

எல்.இ.டி. கேட்டிருந்தீர்கள். இந்தக் குறைகள் தீரும்வரை வேண்டவே வேண்டாம். எல்.இ.டி. மிகச் சொற்ப மின்சாரத்தில் எரிவதால் கெட்ட எர்த்தோடும் எரிந்து நோயை மறைக்கும். பின்வழியாக ஏறும் மின்சாரத்தில் அணைய வேண்டிய நேரத்திலும் மினுங்கும். பெரும்பாலானவை நெகட்டிவ் எர்த் வண்டிக்கு என்று செய்யப்பட்டவை, உங்கள் வண்டியில் எரியாது. பழைய ஃபிளாஷரும் அவற்றோடு அடிக்காது. ஹெட்லைட்டில் இன்னொரு சிக்கல்: பழைய ரிஃப்ளெக்டர் இழை இருக்கும் துல்லியமான இடத்தை வைத்து வடிவமைக்கப்பட்டது. வேறு வடிவ எல்.இ.டி. போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவர் கண்ணைக் கூசச்செய்யும், சாலையில் விழாது. பின்விளக்குக்குப் பிற்பாடு போட விரும்பினால், பாசிட்டிவ் எர்த்துக்கு என்று சொல்லி, சிவப்பு லென்ஸுக்குச் சிவப்பு எல்.இ.டி.யே வாங்குங்கள்.

ஒயரிங்கை உண்மையிலேயே மாற்ற வேண்டிய வண்டிகளும் உண்டு. ஒயரை மெல்ல வளைத்தால் மேல் உறை உடைந்து செம்பு தெரிகிறதா? கட்டுக்குள் ஒயர்கள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருக்கின்றனவா? முனையிலிருந்து ஓர் அங்குலம் உரித்தால் செம்பு கறுத்துப்போய் பளபளப்பே இல்லையா? இவற்றில் ஒன்று இருந்தாலும் உங்கள் எலக்ட்ரீஷியன் சொல்வது சரி, தயங்காமல் மாற்றுங்கள். அப்போதும் இந்த எர்த் வேலை உங்களை விடாது. புது ஒயரிங் வந்தாலும் விளக்கு உட்காரும் மட்கார்டு அதே மட்கார்டுதான்.

வேலை தொடங்கும் முன் மோதிரம், கடிகாரம் கழற்றிவிடுங்கள். இணைப்புகளைக் கழற்றும்போதெல்லாம் பேட்டரியின் எர்த் ஒயரை முதலில் எடுங்கள், முடிந்ததும் அதைக் கடைசியில் மாட்டுங்கள். அளவெடுக்கும் நேரத்துக்கு மட்டும் பேட்டரி இணைப்பில் இருக்கட்டும்.

பின்விளக்குக்கு எர்த் ஒயர் எடுத்த பிறகு இடது இண்டிகேட்டர் வலதின் தாளத்தில் அடிக்கிறதா என்று பார்த்து எழுதுங்கள். ஹெட்லைட் அளவுகளை எழுதிய தாளையும் அப்படியே படம் எடுத்து அனுப்புங்கள். எண் எங்கே குதிக்கிறது என்று சேர்ந்து பார்ப்போம்.